தினமும் ரயிலில் போகிறவரின் நேரம் எங்கே போகிறது?

திண்டிவனம், காஞ்சிபுரம், அரக்கோணம் மாதிரி ஊர்களிலிருந்து தினமும் சென்னைக்கு வேலைக்கு வந்து போகிறவர்களின் பயண நேரத்தை எப்படிக் குறைக்கலாம், தடத்தின் வேகத்தை மணிக்கு 130 கிலோமீட்டராக உயர்த்திவிட்டால் போதாதா, ஸ்டேஷனில் வண்டி நிறுத்துவதே பெரும்பாடாக இருக்கிறதே அதற்கு என்ன வழி என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்தே பார்க்கிறேன். பயணியின் கடிகாரம் வீட்டு வாசலில் ஓடத் தொடங்கி அலுவலக வாசலில்தான் நிற்கிறது. ரயில்வேயின் கடிகாரம் ரயில் கிளம்பும்போது தொடங்கி, வந்து சேரும்போது நின்றுவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் விழும் நிமிடங்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

முதலில் 130 விஷயம். ஒரு கணக்குப் போடுங்கள். 60 கிலோமீட்டர் தூரத்தை ஒரு ரயில் எங்கும் நிற்காமல் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் ஏறத்தாழ 33 நிமிடம் ஆகும். அதையே 130-இல் கடந்தால் 28 நிமிடம். ஆக, மிச்சம் 5 நிமிடம். அதுவும் எங்கும் நிற்காத ரயிலுக்கு மட்டும். நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷனில் நின்று நின்று போகும் பாசஞ்சருக்கும் மின்சார ரயிலுக்கும் இதனால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. அவை வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். சீசன் டிக்கெட்காரர்கள் பெரும்பாலும் போவது அந்த ரயில்களில்தான்.

இப்போது அந்த 5 நிமிடத்தை ஸ்டேஷன் வாசலில் வைத்துப் பாருங்கள். காலை ஆறே முக்காலுக்கு ரயில் என்றால் டூ வீலர் ஸ்டாண்டில் ஆறரைக்கே முன்வரிசை நிரம்பியிருக்கும். ஸ்டாண்டுக்காரர் ஹேண்டிலோடு ஹேண்டில் உரசும்படி வண்டிகளை நெருக்கி அடுக்கிக்கொண்டிருப்பார். "கீழ விட்டுட்டுப் போங்க, சைடு லாக் போடாதீங்க, நான் தள்ளிக்கிறேன்" என்பார். டோக்கன் வாங்கி, ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசு கொடுத்து, நடைமேம்பாலம் ஏறி இறங்கி இரண்டாவது பிளாட்பாரத்துக்குப் போவதற்குள் அறிவிப்பு முடிந்து ரயில் வந்து நிற்கும். சாயங்காலம் திரும்பி வந்தால் உங்கள் வண்டி மூன்றாவது வரிசையில், சுவரோரம் இருக்கும். நான்கு வண்டியை நகர்த்தினால்தான் அதை வெளியே எடுக்க முடியும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் இப்படியே போகிறது. ஆகவே ஒரு ஸ்டாண்டைச் சரியாக அமைத்தால் கிடைக்கும் நேரம், 60 கிலோமீட்டர் தண்டவாளத்தை 130-க்குத் தரம் உயர்த்திக் கிடைப்பதைவிட அதிகம். செலவில் இரண்டும் பக்கத்தில்கூட வராது.

இதை வைத்து வேக உயர்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நெடுந்தூர ரயில்களுக்கு அது அவசியம். ஆனால் சுற்றுவட்டார ஊர்களின் பயணிக்கு எது முதலில் என்று கேட்டால், ரயில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட எங்கெங்கே சும்மா நிற்கிறது என்று பார்க்கச் சொல்வேன்.

சும்மா நிற்பதற்கு முதல் காரணம் ஒற்றைப் பாதை. செங்கல்பட்டு–அரக்கோணம் தடம், அதாவது காஞ்சிபுரம் வழியாகப் போகும் தடம், இதற்கு நல்ல உதாரணம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சாலையில் சுமார் 75 கிலோமீட்டர். கடற்கரை வரை ரயிலில் போக, வாலாஜாபாத், பாலூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து, அங்கிருந்து தாம்பரம் வழியாகப் போக வேண்டும். தூரமே 90 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அதில் செங்கல்பட்டு வரைக்கும் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு ரயில் வந்தால் ஏதாவது ஒன்று லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து பிரிந்து போகும் பக்கத் தண்டவாளத்தில், ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். இரண்டு ஸ்டேஷனுக்கு இடையே எட்டு கிலோமீட்டர் இருந்தால், எதிர் ரயில் அந்த இடைவெளியைக் கடந்து, ஸ்டேஷனுக்குள் முழுதாக வந்து சேர்ந்து, அப்புறம் நமக்கு சிக்னல் விழுந்து கிளம்புவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். எதிரே வருவது சரக்கு ரயில் என்றாலோ தாமதமாக வரும் எக்ஸ்பிரஸ் என்றாலோ அரை மணி நேரமும் ஆகலாம். அட்டவணையில் இந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே நேரம் போட்டுவிடுவார்கள். அதனால் ரயில் "சரியான நேரத்துக்கு" வந்தது என்று பதிவாகும், பயணி கால் மணி நேரம் வயல்காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எந்தக் கணக்கிலும் வராது. விழுப்புரத்திலிருந்து கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் பழைய மெயின் லைனிலும் இதே நிலைதான்.

முழுத் தடத்தையும் இரட்டைப் பாதையாக்குவது பெரிய வேலை. நிலம், பாலம், நிதி என்று வருடங்கள் ஓடும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு இடையே கிராசிங், அதாவது எதிரெதிர் ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவது, அதிகம் விழுகிறதோ அந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரை மட்டும் முதலில் இரட்டிப்பாக்கலாம். அங்கே இரண்டு ரயில்களும் நிற்காமலே ஒன்றையொன்று கடந்துவிடும். அதைவிடச் சின்ன வேலை, லூப் லைனுக்குள் நுழையும் வேகத்தைக் கூட்டுவது. பல இடங்களில் முன்பு லூப் லைனில் மணிக்கு 15 கிலோமீட்டர்தான், இப்போது 30 ஆக்கி வருகிறார்கள். இதில் என்ன பெரிய லாபம் என்று தோன்றும். 22 பெட்டி கொண்ட ரயில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடைசிப் பெட்டி பாயிண்டை, அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தை, தாண்டும் வரை டிரைவர் வேகம் எடுக்க முடியாது. 600 மீட்டரை 15-இல் ஊர்ந்தால் 2 நிமிடம் 24 விநாடி, 30-இல் போனால் அதில் பாதி. உள்ளே நுழையும்போது ஒரு தடவை, வெளியேறும்போது ஒரு தடவை. ஒரு பயணத்தில் இப்படி இரண்டு மூன்று கிராசிங் இருந்தால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். தண்டவாளத்தின் நல்ல பாயிண்டும் சிக்னலும் இப்படிச் சத்தமில்லாமல் நேரத்தை மீட்டுத் தருபவை. அவற்றுக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை என்பதால் வெளியே தெரிவதில்லை.

இரட்டைப் பாதை வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை 2024-இல் முழுமையானது. ஒரே திசையில் போகும் வேகமான ரயிலும் மெதுவான ரயிலும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. பின்னால் வந்தே பாரத் வருகிறதென்றால் முன்னால் போகும் பாசஞ்சர் ஒதுங்கி வழிவிட வேண்டும். வேகமான ரயிலின் வேகம் கூடக்கூட, அதற்கு வழிவிடும் ரயில் முன்கூட்டியே ஒதுங்க வேண்டியிருக்கிறது, நிற்கும் நேரமும் கூடுகிறது. சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வந்தே பாரத்தில் ஏறவும் முடியாது. ஆகவே ஒரு தடத்தில் புதிதாக வேக ரயில் விடும்போது, அதே நாளில் அங்கே ஓடும் பாசஞ்சர் ரயில்களின் நேரம் எத்தனை நிமிடம் கூடியது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. தாம்பரம்–செங்கல்பட்டு இடையே மூன்றாவது தடம் போட்டது இந்த நெருக்கடியைக் கொஞ்சம் தளர்த்தியது. வேகத்தைப் பிரித்து ஓடவிட வழி செய்வதுதான் உண்மையான முன்னேற்றம்.

அடுத்து, நிரந்தர வேகக் கட்டுப்பாடுகள். வளைவு, பழைய பாலம், பலவீனமான மண்கரை என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 30-க்கு மேல் போகக்கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். அந்த ஒரு கிலோமீட்டரோடு ரயிலின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் முன்கூட்டியே வேகம் குறைப்பது, பிறகு மறுபடி வேகம் எடுப்பது. 100-இல் போகிற ரயிலுக்கு இப்படி ஓர் இடத்தில் மூன்று நிமிடம் போல இழப்பு. பாம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் மேல், கடைசிக் காலத்தில் 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அதன் முழு நீளத்தையும் ஊர்ந்துதான் கடக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கு 75 கிலோமீட்டர் வேகம் அனுமதித்திருக்கிறார்கள், கப்பலுக்காகத் தூக்கும் பகுதியில் மட்டும் அதைவிடக் குறைவு. பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்த இடம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிறது. எல்லா இடத்திலும் அவ்வளவு பெரிய பாலம் கட்டத் தேவையில்லை. ஒரு ரயில்வே கோட்டத்தில் உள்ள வேகக் கட்டுப்பாடுகளையெல்லாம் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் நீக்க ஆகும் செலவு எவ்வளவு, கிடைக்கும் நிமிடம் எவ்வளவு என்று பார்த்தால் மலிவாக முடிவது நிறைய இருக்கும்.

ரயில்வே கேட்டையும் மறக்கக் கூடாது. சிக்னலோடு பிணைத்த கேட்டை மூடிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். சாலையில் லாரியும் பஸ்ஸும் அடைத்துக்கொண்டு கேட் மூட முடியாமல் போனால் ரயில் கேட் சிக்னலில் நிற்கும். ஆளில்லா கேட்டுகளை அகலப் பாதையில் 2019 ஜனவரிக்குள் ஒழித்தது உயிர்களைக் காப்பாற்றிய வேலை. ஊர் நடுவில் இருக்கும் ஆளுள்ள கேட்டுகளுக்குப் பதிலாகச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கட்டினால் ரயிலில் போகிறவர், சாலையில் போகிறவர் இருவருக்கும் நேரம் மிச்சம். சுரங்கப்பாதை கட்டும்போது மழைத் தண்ணீர் வடிய வழி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகையில் அது குளமாகி, ஸ்டேஷனுக்குப் போக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும்.

அட்டவணையிலேயே ஒளிந்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் தாராளமாக நேரம் சேர்த்து வைப்பது பழைய வழக்கம். வழியில் தாமதமானாலும் கடைசியில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம். நல்ல நாளில் ரயில் முன்கூட்டியே வந்து, பிளாட்பாரம் காலியில்லாமல் ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர் சிக்னலில் நிற்கும். வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியபோதே மதுரை–சென்னையை ஏழு மணி நேர வாக்கில் கடந்தது. அகலப் பாதை, மின்மயம், இரட்டைப் பாதை என்று எல்லாம் வந்த பிறகும் அந்த ரயிலின் நேரம் ஏழு மணியை விட்டு இறங்கவில்லை. இடையில் நிறுத்தங்களும் தடத்தில் ரயில்களும் கூடியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் பல கோடி செலவழித்துத் தண்டவாளம் போட்ட பலன் அட்டவணைக்குள் வந்து சேரவில்லை என்றால் பயணிக்கு என்ன லாபம்? ஒவ்வொரு மேம்பாடும் முடிந்த கையோடு அந்தத் தடத்தின் நேரத்தை மறுபடி கணக்கிட்டு அட்டவணையைத் திருத்த வேண்டும்.

பாசஞ்சர்களை மெமுவாக, அதாவது தனி இன்ஜின் இல்லாமல் பெட்டிகளிலேயே மோட்டார் வைத்த மின்சார ரயிலாக, மாற்றுவதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் இழுக்கும் ரயிலைவிட மெமு சீக்கிரம் வேகம் பிடிக்கும், சீக்கிரம் நிற்கும், கதவும் அகலம் என்பதால் ஏறி இறங்கும் நேரமும் குறையும். பன்னிரண்டு இடத்தில் நிற்கும் ரயிலுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடம் மிச்சமானால் போதும், 130-ஐ விட அதிகமாகவே கிடைத்துவிடும்.

வெறும் வேகத்தை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. மெல்போர்னிலிருந்து கீலாங், பல்லாரட், பெண்டிகோ, லட்ரோப் பள்ளத்தாக்கு ஆகிய நான்கு தடங்களிலும் 2000-களின் முதல் பாதியில் வேக ரயில் திட்டம் கொண்டுவந்தார்கள். ரயில்களின் உச்ச வேகம் 160. பெண்டிகோ தடத்தில் கைன்டனுக்கு அப்பால் அதுவரை இரட்டைப் பாதையாக இருந்ததை, வேகத்துக்கு ஏற்றபடி ஒரு தண்டவாளத்தை மட்டும் புதுப்பித்து, ஒற்றைப் பாதையாகச் சுருக்கினார்கள். ஒரு ரயில் தனியாக ஓடும்போது வேகம் கிடைத்தது. ஆனால் ஒன்று தாமதமானால் எதிரே வருவதும் காத்திருக்க வேண்டிய நிலை வந்தது. ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் அது தடையானது. பிற்பாடு அந்த மாநிலம் பல்லாரட் தடத்தில் மெல்டன் வரை இரண்டாவது தண்டவாளம் போட்டு, கூடுதல் கிராசிங் வசதிகளுக்கும் செலவழித்தது.

வண்டி நிறுத்தத்துக்கும் அந்த நாட்டிலேயே பாடம் இருக்கிறது. ரயில் பயணிகளுக்கான கார் பார்க்கிங் கட்ட மத்திய அரசு 47 இடங்களுக்கு 66 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது. 2021-இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து, இடங்களைத் தேர்ந்தெடுத்தது தேவையின் அடிப்படையில் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. எந்த ஸ்டேஷனில் எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு நிரம்புகிறது, எத்தனை பேர் இடமில்லாமல் திரும்புகிறார்கள் என்ற எண்ணிக்கை இல்லாமல் கட்டினால் எங்கேயும் இதுதான் நடக்கும்.

நம் ஊருக்கு வருவோம். நம் ஸ்டேஷன்களுக்கு முதல் தேவை கார் பார்க்கிங் இல்லை. ஒரு கார் வந்து திரும்பி நிற்க வழியோடு சேர்த்து ஏறத்தாழ 25 சதுர மீட்டர் வேண்டும். அதே இடத்தில் எட்டு டூ வீலரைத் தாராளமாக, யாரும் யார் வண்டியையும் நகர்த்தாமல் எடுக்கும்படி நிறுத்தலாம். சைக்கிள் என்றால் இன்னும் அதிகம். காலை மின்சார ரயிலில் ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள், அதில் காரில் வந்து விட்டுப் போகிறவர் கைவிரல் எண்ணிக்கைதான். காருக்கு இறக்கிவிட்டுப் போக ஒரு வழியும், சில இடங்களும் போதும்.

ஸ்டாண்டுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்றால், அவற்றை ஏலத்தில் விடும் முறையால்தான். அதிகத் தொகை கேட்பவருக்குக் குத்தகை. அவர் கட்டிய பணத்தை எடுக்க ஒரே வழி, இருக்கிற இடத்தில் எத்தனை வண்டி முடியுமோ அத்தனையும் திணிப்பது. கூரை போடுவதால் அவருக்கு வருமானம் கூடாது. ராத்திரி கடைசி ரயில் வரும்வரை ஆள் வைப்பது அவருக்குச் செலவு. ஆகவே அவரைத் திட்டிப் பயனில்லை, ஒப்பந்தத்தைத்தான் மாற்ற வேண்டும். எத்தனை வண்டிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று தரையில் கோடு போட்டு எண்ணிக்கை எழுத வேண்டும். கூரையும் விளக்கும் கட்டாயம். கடைசி ரயில் வந்து அரை மணி நேரம் வரை ஸ்டாண்டில் ஆள் இருக்க வேண்டும். இரவுப் பணி முடிந்து வரும் பெண்கள் இருட்டில் வண்டியைத் தேட வேண்டிய நிலை இருக்கக் கூடாது, இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு மாதப் பாஸ் சலுகை விலையில் கிடைக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் புதுப்பிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இடமே இல்லை என்ற பதில் வரும். பாதி ஸ்டேஷன்களில் ஊர் இரண்டு பக்கமும் வளர்ந்திருக்கிறது, வாசல் மட்டும் ஒரு பக்கம்தான். மறுபக்கத்து ஆட்கள் கேட்டைச் சுற்றி வந்து அதே ஸ்டாண்டில் மோதுகிறார்கள், அல்லது அவசரத்தில் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். எத்தனை உயிர் இப்படிப் போயிருக்கிறது என்று தடத்தோரம் வாழும் எல்லோருக்கும் தெரியும். நடைமேம்பாலத்தை மறுபக்கம் வரை நீட்டி, அங்கே ஒரு வாசலும் சின்ன ஸ்டாண்டும் வைத்தால் நெரிசல் பாதியாகும், சுற்றும் நேரமும் மிச்சம். ஸ்டேஷன் பக்கத்து வீடுகளில் நடக்கும் தனியார் சைக்கிள் ஸ்டாண்டுகளையும் நகராட்சி முறைப்படுத்தி ஊக்குவிக்கலாம். பல ஊர்களில் அவைதான் உண்மையான பாரத்தைச் சுமக்கின்றன.

அம்ருத் பாரத் நிலையத் திட்டத்தில் 2025 மே மாதம் திறந்த ஸ்டேஷன்களில் சிதம்பரம், திருவண்ணாமலை, விருத்தாசலம், போளூர் உட்பட 9 தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்தத் திட்டத்தில் வாகன நிறுத்துமிடமும் ஒரு பகுதி. இனி வரும் ஸ்டேஷன்களின் வரைபடத்தை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். முகப்புக்கும் பூங்காவுக்கும் எவ்வளவு இடம், ஸ்டாண்டிலிருந்து பிளாட்பாரத்துக்கு எத்தனை மீட்டர் நடை என்று கேளுங்கள்.

வண்டியே கொண்டுவராமல் இருக்க வழி செய்தால் இன்னும் மேல். காலை ரயிலுக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து சேரும் ஒரு மினி பஸ், மாலை ரயில் வந்த பிறகு கிளம்பும் அதே மினி பஸ், அவ்வளவுதான். இங்கே பஸ்ஸும் ரயிலும் ஒன்றையொன்று பார்க்காமலே நேரம் போட்டுக்கொள்கின்றன. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பெரிய பஸ் நிலையம் திறந்தபோது, பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், உங்கள் பயணிகள் சங்கத்தில் ஒரு மாதம் குறித்து வையுங்கள். ரயில் எந்த ஸ்டேஷனில், எந்த சிக்னலில், எத்தனை நிமிடம் நின்றது. ஸ்டாண்டு எத்தனை மணிக்கு நிரம்பியது. "ரயில் தாமதம், நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக எழுதும் மனுவுக்கு "பரிசீலிக்கப்படும்" என்றுதான் பதில் வரும். "இந்த ரயில் பாலூரில் கிராசிங்குக்காக மாதத்தில் பாதி நாள் 15 நிமிடத்துக்கு மேல் நிற்கிறது, கிராசிங்கை வாலாஜாபாத்துக்கு மாற்றினால் குறையும்" என்கிற மாதிரி எழுதினால் கோட்ட இயக்கப் பிரிவில் யாராவது ஒருவர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் பயனாளர் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன, உங்கள் பகுதி உறுப்பினர் யார் என்று விசாரித்து அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். அடுத்த அட்டவணை வெளியாவதற்குப் பல மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஸ்டாண்டு விஷயத்தில், குத்தகை முடியும் தேதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, புது ஏல நிபந்தனைகள் வெளியாகும் முன்பே கோரிக்கையை அனுப்புங்கள். ஏலம் முடிந்துவிட்டால் அடுத்த குத்தகை வரை ஒன்றும் மாறாது.